காட் இருக்கு, டொக்டர் இல்லை

நான் ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்தது 1996 ஐப்பசியில். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் ஒரு டொக்டரைப் பற்றிக் கேட்கிற முதல் கேள்வி, "அந்தாள் பேப்பர் எடுக்குமோ?" என்பதுதான். கெட்டிக்காரரா, கைராசிக்காரரா என்பதெல்லாம் பிறகு. பேப்பர் என்றால், அகதி வழக்குப் போட்டவர்களுக்குக் குடிவரவுக்காரர் கொடுக்கிற, படம் ஒட்டிய தாள். மத்திய அரசின் இடைக்கால மருத்துவக் காப்புறுதி அந்தத் தாளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்ராறியோ மாகாணத்தின் ஓஹிப் காட் வைத்திருந்தவர்கள் எங்கள் கண்ணுக்குப் பெரிய மனிதர்கள். காட்காரரை எந்த டொக்டரும் எடுப்பார். பேப்பர்காரர், எடுக்கிறவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். பேப்பருக்குரிய காசு வேறொரு கந்தோரிலிருந்து, வேறு படிவம் நிரப்பி, சுணங்கித்தான் வரும் என்பதால் பலர் மெல்லத் தலையாட்டி அனுப்பிவிடுவார்கள்.

நான் இருந்த பேஸ்மன்றில் ஆறு பேர். மூத்தவர் கரவெட்டி அண்ணை. என் இருமலை மூன்று இரவு பொறுத்துக் கேட்டவர், நாலாம் நாள் காலை போர்வையை இழுத்து, "எழும்பு, போவம்" என்றார். எக்ளிங்டன் வீதியோரத்துப் பிளாசா ஒன்றில், இடியப்பக் கடைக்கும் உடுப்புத் தோய்க்கிற கடைக்கும் நடுவில் இரண்டு அறை. அதுதான் கிளினிக். முன்கூட்டிச் சொல்லவில்லை, நேரம் எடுக்கவில்லை. மேசையில் இருந்தவர் டொக்டரின் மனைவி. தாளை வாங்கி இலக்கத்தைக் கையாலேயே கொப்பியில் எழுதிவிட்டு, நாற்காலியைக் காட்டி "பேசோ" என்றார். குஜராத்தியில் அதற்கு "இருங்கோ" என்று பொருள் என்பது எங்களுக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரியும். பேசச் சொல்கிறார் என்று விளங்கிய கரவெட்டி அண்ணை, என் இருமலின் வரலாறு முழுவதையும் நின்றபடியே தமிழில் சொல்லி முடித்தார். அந்த அம்மாவும் கடைசிவரை மரியாதையாகக் கேட்டார்.

டொக்டர் 1972இல் இடி அமீன் உகண்டாவிலிருந்து துரத்திய ஆசியர்களில் ஒருவர். அகதித் தாள் அவருக்குப் புதிதில்லை. எங்கள் ஆட்களைப் பார்த்துப் பார்த்து நாலு தமிழ்ச் சொல் பிடித்து வைத்திருந்தார். "நோகுதா? எங்கை? எத்தனை நாள்?" நாலாவது "பனடோல்". நாங்கள் பனடோல் என்றால் இந்த நாட்டு ரைலினோல் என்று அவருக்கு விளங்கும். முதுகில் குழாயை வைத்துக் கேட்டார், துண்டெழுதித் தந்தார், காசைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. வெளியே வந்ததும் நான் அண்ணையைக் கேட்டேன், "இனி எப்ப வரவேணும்?" அண்ணை சொன்னார்: "எப்பவும் வரலாம். இனி இவர்தான் உன்ரை டொக்டர்."

அவ்வளவுதான். ஒரு கையெழுத்து இல்லை, ஒரு பட்டியல் இல்லை. இருமிக்கொண்டு உள்ளே போனவன் குடும்ப டொக்டரோடு வெளியே வந்தேன்.

ஊரில் இப்படி ஒரு ஏற்பாடு எங்களுக்குப் பழக்கமில்லை. யாழ்ப்பாணத்தில் காசில்லாதவருக்குப் பெரியாஸ்பத்திரி. விடியற்காலையில் போய்த் துண்டு எடுத்து வரிசையில் நிற்க வேண்டும். காசு இருந்தால், அதே டொக்டரைப் பின்னேரம் அவருடைய வீட்டு டிஸ்பென்சரியில் பார்க்கலாம். கிராமத்தில் பரியாரியார் இருப்பார், வெற்றிலை பாக்கோடு போனால் போதும். இந்த நாட்டில் டொக்டர் தனியார், காசு மட்டும் அரசாங்கம் கொடுக்கிறது என்பது மண்டையில் ஏறச் சில காலம் எடுத்தது. குடும்ப டொக்டர் இங்கே அரசாங்க உத்தியோகத்தர் இல்லை, ஒரு வகையில் கடைக்காரர். அறை வாடகை, மேசையில் இருக்கிறவரின் சம்பளம், ஃபக்ஸ் மெசினுக்கு மை எல்லாம் அவர் கைச்செலவு. பார்த்த ஆளுக்கு ஒரு கட்டணம் என்று மாகாணத்துக்குக் கணக்கு எழுதி அனுப்புவார். ஆகவே ஆட்கள் நிறைந்த அறைதான் அவருக்கு வருமானம். எங்களைப் போல இருமிக்கொண்டு வருகிறவர்கள் அவருக்குச் சுமையாகத் தெரியாததன் இரகசியம் பாதி அவருடைய நல்ல மனம், மற்றப் பாதி இந்தக் கணக்கு.

இந்தக் காட் சும்மா வந்ததில்லை. சஸ்காச்சுவான் மாகாணத்தில் முதலமைச்சர் டொமி டக்ளஸ் தொடங்கி வைத்த பொது மருத்துவக் காப்புறுதியை, அவருக்குப் பின் வந்த வூட்ரோ லொயிட் 1962 ஜூலை 1ஆம் திகதி நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, மாகாணத்து டொக்டர்களில் பெரும்பாலானோர் கதவைப் பூட்டிக்கொண்டு 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிரிட்டனிலிருந்து டொக்டர்களைக் கொண்டுவந்து இறக்கிச் சமாளித்தார்கள். 1966இல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. ஒன்ராறியோ 1969 ஒக்ரோபரில் சேர்ந்தது. அதற்குப் பிறகும் ஓஹிப்புக்கு மாதச் சந்தா கட்ட வேண்டியிருந்தது, அது ஒழிந்தது 1990இல். இடையில் இன்னொரு இழுபறி. அரசாங்கம் தருகிறது போதாது என்று சில டொக்டர்கள் நோயாளியிடம் மேல்காசு வாங்கிக்கொண்டிருந்தார்கள். 1984இல் கனடா சுகாதாரச் சட்டம் அதைத் தடுக்க வந்தது. ஒன்ராறியோ தன் பங்குக்கு 1986இல் சட்டம் கொண்டுவந்தபோது இங்குள்ள டொக்டர்களும் 25 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தோற்றது டொக்டர்கள்தான். நாங்கள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கிய காலத்தில் "டொக்டர் காசு கேட்பாரோ?" என்ற கேள்வியை இந்த நாடு மறந்தே போயிருந்தது.

அந்தப் போராட்டங்கள் எல்லாம் காசைப் பற்றியவை. டொக்டர் இருப்பாரா என்பது அங்கே ஒருவருக்கும் எழாத சந்தேகம். சட்டத்தில் எங்கே தேடினாலும், பார்த்தால் காசு வாங்கக்கூடாது என்று இருக்கும். உன்னைப் பார்த்தே ஆகவேண்டும் என்று எந்தத் தனி டொக்டர் தலையிலும் எழுதியிருக்காது.

என் வழக்கு வென்று காட் கைக்கு வந்தது 1998இல். அதை பேர்ஸில் வைக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு கிழமை திரிந்தேன். அடுத்த வருடம் மனைவி வந்தாள். அவள் நிரந்தர வதிவுரிமையோடு வந்தவள். ஆனாலும் மூன்று மாதம் காத்திருந்தால்தான் ஓஹிப். 1994இல் கொண்டுவந்த விதி அது. அந்த மூன்று மாதத்துக்கும் வீட்டில் ஒருவரும் விழக்கூடாது, வெட்டக்கூடாது, எரியக்கூடாது. மூன்றாம் மாதம் அவளுக்குக் காய்ச்சல் கொதித்தது. இருக்கிற காசை எண்ணிக் கடித உறையில் போட்டுக்கொண்டு கூட்டிப் போனேன். டொக்டர் பார்த்தார், மருந்தெழுதினார், உறையைப் பார்த்துச் சிரித்தார். "காட் வரட்டும், கொண்டுவந்து காட்டு" என்றார். காட் வந்ததும் இருவரும் அதைக் காட்டவே போனோம். மேசையிலிருந்த அம்மா அதை வாங்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேசோ" என்றார்.

பிறகு பிள்ளைகள். தடுப்பூசி, காதுக்குத்து, பள்ளிக்கூடத்துச் சொறி, மனைவியின் தைரொய்ட், எனக்கு பிறஷர். எல்லாம் நிறநிறமான ஒட்டுத்துண்டு வைத்த மட்டைக் கோப்புகளில் அவருக்குப் பின்னால் இருந்த இராக்கையில் அடுக்கியிருந்தன. எங்கள் நாலு பேருடைய கோப்பும் பக்கத்தில் பக்கத்தில். ஒருவரின் கோப்பை இழுத்தால் மற்றதும் கூட வரும். மகனுக்கு இருமல் என்று போனால் என்னைப் பார்த்து, "நீ உப்புக் குறைச்சதா?" என்பார்.

நாங்கள் அப்படிச் சுகமாக இருந்த அதே காலத்தில்தான் அடிவேர் அறுபட்டுக்கொண்டிருந்திருக்கிறது. 1991இல் பாரர், ஸ்ரொடார்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதிய அறிக்கை ஒன்றை வைத்துக்கொண்டு, நாட்டில் டொக்டர்கள் கூடிப்போனார்கள், செலவும் அதனால்தான் கூடுகிறது என்று மாகாண அமைச்சர்கள் முடிவெடுத்தார்கள். அறிக்கை சொன்னது ஐம்பதுக்கு மேற்பட்ட யோசனைகள். இவர்கள் இலகுவானதைப் பொறுக்கினார்கள்: மருத்துவப் பள்ளிகளில் இடத்தைப் பத்து வீதம் குறைப்பது. 1993இல் அது நடந்தது. ஒரு டொக்டர் முளைக்கப் பத்து வருடம் செல்லும் என்பதால் வெட்டினது அப்போது ஒருவருக்கும் நோகவில்லை. அதே காலத்தில் இதே ரொறன்ரோவில் யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் படித்துப் பட்டம் வாங்கியவர்கள், உரிமம் எடுக்கும் வழி தெரியாமல் பெற்றோல் நிலையங்களிலும் தொழிற்சாலைகளிலும் இராவேலை செய்துகொண்டிருந்தார்கள். எங்கள் பேஸ்மன்றிலேயே அப்படி ஒருவர் இருந்தார். அவர் என் இருமலைக் கேட்டு முதல் நாளே "மார்புச் சளி, மருந்து வேணும்" என்று சொல்லியிருந்தார். துண்டெழுத அவருக்கு அதிகாரம் இல்லை.

2000களில் ஏற்பாடு மாறியது. ஒருநாள் போனபோது டொக்டரின் மேசையில் ஒரு படிவம். "கையெழுத்துப் போடு, நீ இனி என்ரை பட்டியல்" என்றார். பார்த்த ஆளுக்குக் கட்டணம் என்ற பழைய முறையோடு, பதிந்த ஆளுக்கு வருடத்துக்கு இவ்வளவு என்று வயதையும் பாலையும் கணக்குப் பார்த்துத் தொகை கொடுக்கிற முறையும் வந்திருந்தது. 2007இல் வந்த குடும்ப நல அமைப்பு என்கிற வகைதான் அதில் பெரிதாகப் பரவியது. வருமுன் காக்கவும் ஆறுதலாகப் பார்க்கவும் இது நல்லது என்றார்கள், பொய்யும் இல்லை. ஆனால் அப்போது அதற்குள் ஒரு கொக்கி இருந்தது. பட்டியலில் உள்ள நான் அவசரத்துக்கு வேறு வோக்-இன் கிளினிக்கில் போய்க் காட்டினால், அந்தச் செலவு என் டொக்டருக்கு வரவேண்டிய ஊக்கத்தொகையில் கழியும். அவசரப் பிரிவுக்குப் போனால் கழியாது. பத்து நிமிட அலுவலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் ஆறு மணித்தியாலம் இருப்பவரால் டொக்டருக்கு நட்டமில்லை, மூலைக் கிளினிக்கில் காட்டியவரால் நட்டம். யார் யோசித்துச் செய்ததோ! வெளியே போகவேண்டாம், போனால் பட்டியலில் இருந்து எடுக்க வேண்டிவரும் என்று கடிதம் அனுப்பிய டொக்டர்கள் உண்டு. எங்கள் டொக்டர் கடிதம் அனுப்பவில்லை. ஒரு சனிக்கிழமை மகளின் காதைக் காட்ட வோக்-இன்னுக்குப் போனது எப்படியோ தெரிந்து, அடுத்த முறை, "ஏன், நான் செத்துப் போனேனா?" என்று மட்டும் கேட்டார்.

பட்டியல் வந்ததோடு ஒரு புதுச் சொல்லும் வந்தது: நிறைந்துவிட்டது. பழைய கிளினிக்கில் நாற்காலி நிறையும். ஒருவர் எழும்பினால் ஒருவர் இருப்பார். பட்டியல் நிறைந்தால் ஒருவர் சாக வேண்டும், அல்லது ஊரை விட்டுப் போக வேண்டும்.

கடிதம் வந்தது 2021இல். ஓய்வெடுக்கிறேன், 90 நாளில் கதவு மூடும். அது விதிப்படி கொடுக்க வேண்டிய அறிவித்தல். கிளினிக்கை எடுத்து நடத்த ஒருவரும் கிடைக்கவில்லை. கோப்புகள் இன்ன சேமிப்பு நிறுவனத்தில் இருக்கும், பிரதி வேண்டுமானால் கட்டணம் கட்டி எடுக்கலாம் என்று இருந்தது. கடைசி நாள் இடியப்பக் கடையில் பலகாரம் வாங்கிக்கொண்டு போனோம். கோவிட் காலம், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அந்த அம்மா. பலகாரப் பெட்டியைத் தடுப்பின் கீழால் தள்ளினேன். இராக்கை அரைவாசி காலி.

பிறகுதான் தேடல். பக்கத்துப் பிளாசாக்களில் தொடங்கி மார்க்கம், பிக்கரிங் வரை போன் அடித்தேன். மனைவி ஒரு கொப்பியில் கோடு போட்டு வைத்திருந்தாள்: கிளினிக், இலக்கம், பதில். பதில் நிரலில் அநேகமாக ஒரே எழுத்து, "இ". சில இடங்களில் எடுத்தவர் தமிழ்ப் பிள்ளை. குரலில் தெரியும். "அங்கிள், புது ஆக்களை எடுக்கேல்லை. எப்ப எடுப்பினம் எண்டும் தெரியாது. சொறி." இருபத்தைந்து வருடத்துக்கு முன் தமிழ் தெரிந்த டொக்டரைக் காண்பதே அரிது, கிடைத்த டொக்டர் நாலு தமிழ்ச் சொல் பழகிக்கொண்டார். இப்போது, டொக்டர்களுக்கு உரிமம் கொடுக்கிற மாகாண மருத்துவர் கல்லூரியின் பதிவேட்டில் "தமிழ்" என்று மொழியைப் போட்டுத் தேடினால் பெயர்கள் வந்து கொட்டுகின்றன. எங்கள் பிள்ளைகள். யாருக்கு இடமிருக்கிறது என்பது மட்டும் அங்கே இல்லை.

அரசாங்கத்தில் இதற்கென்று 2009 முதல் ஹெல்த் கெயர் கனெக்ட் என்று ஒரு சேவை இருக்கிறது. பெயரைப் பதிந்தால் இடமுள்ள டொக்டரோடு இணைத்து விடுவார்கள். பதியப் போனால், நீங்கள் ஏற்கெனவே ஒரு டொக்டரின் பட்டியலில் இருக்கிறீர்கள் என்றார்கள். யாரென்று கேட்டேன். ஓய்வெடுத்தவர்தான். அவர் பட்டியலிலிருந்து விலகுகிறேன் என்று முதலில் சொல்லி, பெயரை எடுப்பித்து, திரும்ப வந்து பதிந்தேன். இல்லாத டொக்டரிடமிருந்து விலகுவதற்கு அரை நாள்.

எங்களுக்கு மட்டும்தான் இந்தப் பாடு என்று நினைக்க அதிகநாள் விடவில்லை. ஒன்ராறியோவில் குடும்ப டொக்டர் இல்லாதவர்கள் 25 இலட்சம் என்று குடும்ப டொக்டர்களின் அமைப்பான மாகாணக் குடும்ப மருத்துவர் கல்லூரி 2024இல் சொன்னது. 2020இல் அது 18 இலட்சமாக இருந்தது. 2024 பெப்ரவரியில் கிங்ஸ்ரனில் ஒரு கிளினிக் பெயர் பதியத் தொடங்க, நாட்கணக்காக வாசலில் வரிசை. அடுத்த வருடம் ஜனவரி 15ஆம் திகதி வோக்கர்ற்றனில் நடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். ரொறன்ரோவிலிருந்து சுமார் இரண்டு மணித்தியால ஓட்டம். 2000ஆம் ஆண்டு குடிதண்ணீரில் கிருமி கலந்து ஏழு பேர் செத்த ஊர். புதிதாக வந்த ஒரு டொக்டர் 500 பேரை எடுக்கப் போகிறார், முன்னாள் படைவீரர் மண்டபத்தில் வந்து பதியலாம் என்று அறிவித்திருந்தார்கள். விடியுமுன்னே சனம் வந்துவிட்டது. பனிக்குள், மடக்குக் கதிரையும் கம்பளியுமாக ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள். ஊன்றுகோலோடு நின்ற கிழவர்களைக் காட்டினார்கள். பாதிப் பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள். எல்லோருடைய பையிலும் ஓஹிப் காட் இருந்திருக்கும்.

அந்தக் காட்சியைப் பார்த்த மாமி, என் மனைவியின் தாய், "இது பெரியாஸ்பத்திரியில துண்டு எடுக்கிற வரிசையெல்லே" என்றார். மாமி கொக்குவிலில் இருந்து 2023இல் வந்தவர். சலரோகம், பிறஷர், வயது எழுபத்துநாலு. வந்த கிழமையே சேர்விஸ் ஒன்ராறியோவில் போய்ப் பதிந்தோம். என் மனைவி மூன்று மாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்தக் காத்திருப்பை 2020 மார்ச்சில், கோவிட்டோடு எடுத்துவிட்டார்கள். பதிந்த கையோடு காப்புறுதி. காட் பின்னால் தபாலில் வந்தது. நான் இரண்டு வருடம் பட்ட பாட்டை மாமி இருபது நிமிடத்தில் முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தார். டொக்டர் மட்டும் கிடைக்கவில்லை.

வோக்-இன்னுக்குக் கொண்டு போனோம். சுவரில் ஒட்டியிருந்தது: ஒரு வருகைக்கு ஒரு பிரச்சினை. மாமிக்கு வாசித்துச் சொன்னேன். "ஒரு வருத்தத்துக்குத்தான் பார்ப்பினமோ? அப்ப சீனியைச் சொல்லவோ, பிறஷரைச் சொல்லவோ?" அவர் மடியில் ஒரு சொப்பிங் பை, அதற்குள் ஊரிலிருந்து கொண்டுவந்த கிளினிக் கொப்பி. ஊரில் மாதாமாதம் கிளினிக்குக்குப் போகிறவர்கள் கையோடு கொண்டு திரிகிறது. ஒவ்வொரு திகதிக்கும் சீனி எவ்வளவு, பிறஷர் எவ்வளவு, எந்தக் குளிசை கூட்டினது, எதைக் குறைத்தது, கீழே கையெழுத்து. ஓரம் நைந்து, மஞ்சள் கறை பட்டு, பதினொரு வருடத்துச் சரித்திரம். வோக்-இன் டொக்டர் நல்ல பெடியன்தான். கொப்பியை வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்தான், கடைசிப் பக்கத்தைப் பார்த்தான், மருந்தை மூன்று மாதத்துக்குப் புதுப்பித்துவிட்டு, மூடித் தந்தான். நாலு நிமிடம். அடுத்த முறை வேறொருவர். வெளியே வந்து காரில் ஏறும்போது மாமி சொன்னார்: "காசு வாங்காமல் பார்க்கினம். ஆனால் பார்க்கினமில்லை."

டொக்டர்களைத் திட்டுவது எளிது. நானும் திட்டியிருக்கிறேன். ஒரு கல்யாண வீட்டில் அப்படித் திட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசையில் கரவெட்டி அண்ணையின் மகள் இருந்தாள். குடும்ப மருத்துவம் படித்து முடித்தவள். கிளினிக் திறக்காமல் ஆஸ்பத்திரி வார்ட்டில் வேலை. ஏன் என்று கேட்டேன்.

"மாமா, கிளினிக்கில கடைசிப் பேஷன்ற் போனபிறகுதான் வேலை தொடங்குது," என்றாள். விரலை மடித்தாள். காப்புறுதிக் கொம்பனிக் கடிதம், அங்கவீனர் உதவிப் படிவம், வரிச்சலுகைப் படிவம், வீல்-ட்ரான்ஸ் விண்ணப்பம், வேலையிடம் கேட்கிற சுகவீனத் துண்டு. விசேட மருத்துவரிடம் அனுப்பினால் மூன்று மாதம் கழித்து "நாங்கள் இதைப் பார்ப்பதில்லை" என்று ஃபக்ஸில் திரும்பி வரும். இன்னொருவருக்கு அனுப்ப வேண்டும். வாரத்தில் 19 மணித்தியாலம் வரை குடும்ப டொக்டர்களுக்குத் தாள்வேலையில் போகிறது என்று அவர்களின் கல்லூரியே கணக்குச் சொல்கிறது. சாதாரணமாக ஒருவரைப் பார்ப்பதற்கு ஓஹிப் கொடுப்பது பல வருடமாக 33 டொலர் 70 சதமாக நின்றது. அதில்தான் வாடகையும் சம்பளமும். பழைய ஆட்கள் சுருக்கெனப் பார்த்தார்கள், நாளுக்கு ஐம்பது பேர். இன்று வருகிறவர்கள் மூப்பாளர்கள், ஆளுக்கு நாலு வருத்தம், பத்துக் குளிசை. "வார்ட்டில ஷிஃப்ட் முடிஞ்சால் வீட்டை போகலாம். எனக்கும் பிள்ளை இருக்கு, மாமா." அவள் தகப்பன் எதிரில் இருந்து தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அவருக்கும் குடும்ப டொக்டர் இல்லை.

இந்த இடைவெளிக்குள் காசு மெல்லத் திரும்பி வந்து குந்தியிருக்கிறது. தாதிகளில் மேற்படிப்புப் படித்து, மருந்தெழுதும் அதிகாரம் உள்ளவர்கள் நேர்ஸ் பிரக்டிஷனர்கள். அவர்களால் ஓஹிப்புக்கு நேரே கணக்கனுப்ப முடியாமல் இருந்தது. சட்டம் டொக்டரைப் பற்றித்தான் பேசுகிறது. ஆகவே சில இடங்களில் அவர்கள் ஆளிடம் கட்டணம் வாங்கிப் பார்த்தார்கள், வருடச் சந்தா வைத்த கிளினிக்குகளும் முளைத்தன. டொக்டர் செய்யக்கூடியதை அவர்கள் செய்தாலும் அதற்கும் மாகாணம்தான் பணம் கொடுக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் மத்திய சுகாதார அமைச்சர் கடிதம் எழுதினார். 2026 ஏப்ரலில் இருந்து என்று தவணையும் சொன்னார். 1986இல் முன்வாசலால் துரத்தப்பட்ட கேள்வி பக்கவாட்டால் வந்திருக்கிறது: "அங்கை காட் எடுக்கினமோ, காசோ?" போன வருடம் கோயிலில் ஒருவர் இன்னொருவரிடம் இப்படிக் கேட்டதை என் காதால் கேட்டேன். ஒரு கணம் 1996இல் நின்றேன்.

மாகாணமும் சும்மா இருக்கவில்லை. முன்னாள் மத்திய அமைச்சரும், ஸ்ரூவில்லில் குடும்ப டொக்டராக இருந்தவருமான ஜேன் ஃபில்போட்டிடம் பொறுப்பைக் கொடுத்து, 1.8 பில்லியன் டொலரில் 2029க்குள் இன்னும் 20 இலட்சம் பேரை ஒரு டொக்டருடனோ குழுவுடனோ சேர்ப்போம் என்று 2025இன் தொடக்கத்தில் அறிவித்தார்கள். பள்ளிக்கூடம் போல, அஞ்சல் குறியீட்டை வைத்து இடம் கொடுக்க வேண்டும் என்பது ஃபில்போட் நெடுநாளாகச் சொல்லிவருவது. எனக்கு அது பிடித்திருக்கிறது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் "பள்ளி நிறைந்துவிட்டது, போய் வேறு ஊரில் தேடு" என்று எந்தத் தலைமை ஆசிரியரும் சொல்வதில்லை. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் டொக்டர்களையும் பயிற்ற ஒரு கட்டடம் எழும்பியிருக்கிறது. அங்கே நுழைகிற பிள்ளை நாலு வருடம் படித்து, இரண்டு வருடம் பயின்று வெளியே வரும்போது எனக்கு மாமியின் வயது நெருங்கியிருக்கும்.

எங்களுக்கு வழி திறந்தது அரசாங்கத்தால் இல்லை, ஃபார்மசியால். மாமிக்குக் குளிசை எடுக்கிற இடத்தில், கவுன்ரரில் நிற்கிற தம்பி ஒருநாள் குரலைத் தாழ்த்தி, "அன்ரி, அஜக்ஸில எங்கட மற்றக் கடைக்குப் பக்கத்தில திங்கட்கிழமை புது டொக்டர் ஒராள் தொடங்குறா. இண்டைக்கே அடியுங்கோ, முகநூலில போட்டால் முடிஞ்சுது" என்றான். மனைவி கடை வாசலில் நின்றே அடித்தாள். மாமியோடு எங்கள் மூன்று பெயரையும் எடுத்தார்கள். ஸ்காபரோவிலிருந்து அஜக்ஸுக்கு நெடுஞ்சாலையில் அரை மணித்தியாலம், பனி என்றால் சொல்ல முடியாது. கிட்ட என்பதற்கு இப்போது அதுதான் அளவு.

முதல் நாள் போனபோது நேரம் எடுத்து, இணையத்தில் படிவம் நிரப்பி, வாசலில் வந்து நிற்கிறோம் என்று குறுஞ்செய்தி அனுப்பி உள்ளே போனோம். மேசையில் ஆளில்லை, காட்டை நீட்டுகிற மெசின். டொக்டருக்கு முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயதிருக்கும். தமிழ்ப் பெயர். இங்கே பிறந்தவரின் தமிழ், ஆனால் தமிழ். "வாங்கோ அம்மம்மா, என்ன செய்யுது?"

மாமி பதில் சொல்லவில்லை. சொப்பிங் பையை அவிழ்த்துக் கொப்பியை எடுத்து நீட்டினார். டொக்டர் கணினியிலிருந்து கையை எடுத்து அதை வாங்கினார். முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு திகதியாக விரலை ஓட்டி வாசித்தார். ஓரிடத்தில் நிறுத்தி, "இந்த வருசம் ஆறு மாசம் ஒண்டும் இல்லையே?" என்று கேட்டார். மாமா மோசம் போன வருடம் அது. மாமி சொன்னார். டொக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம் திருப்பினார். கடைசி எழுத்துவரை வந்து, கையில் பட்டியைச் சுற்றி பிறஷர் பார்த்து, கணினியில் தட்டினார். கொப்பியை மூடித் தரப் போனார்.

மாமி வாங்கவில்லை. வெறும் பக்கத்தை எடுத்து மேசையில் வைத்து, விரித்துப் பிடித்தார். "எழுதுங்கோ பிள்ளை."

டொக்டர் என்னைப் பார்த்தார், நான் மனைவியைப் பார்த்தேன். மேசையில் பேனை இருக்கவில்லை. இழுப்பறையைத் திறந்து தேடி, மருந்துக் கொம்பனியின் பெயர் போட்ட ஒன்றை எடுத்துத் திகதியை எழுதினார். 148/82. மெட்ஃபோமின் அதேபடி. மூன்று மாதத்தில் திரும்ப. கீழே கையெழுத்து.

மாமி கொப்பியை எட்டப் பிடித்து, மேலே யாழ்ப்பாணத்து டொக்டரின் கையெழுத்தையும் கீழே இதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பையில் வைத்து முடிச்சுப் போட்டார்.